விஜயதசமி அன்று லினக்ஸ் போட்ட கதை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்று நானே சொல்லிக்கொள்வேன். கூட வேலை பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதாக நினைவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு ஆபீஸ் வேலை. பட்டறை அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தம். அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் எல்லோரும் சொல்வோம். கம்ப்யூட்டர் வாங்கியது சின்னவர். அதை ஓட்டுவதற்கென்று என்னை வேலைக்கு வைத்ததும் அவர்தான். பெரியவரைக் கேட்டால் இரண்டுமே தண்டச் செலவு.

அவரையும் குறை சொல்ல முடியாது. யார் யாரோ கொண்டுவரும் பிளாப்பியில் வைரஸ் ஏறி, அந்தக் கம்ப்யூட்டர் மாதத்தில் பாதி நாள் படுத்துக் கிடந்தது. பட்டறையிலிருந்து போகும் ஒவ்வொரு பம்புக்கும் டெஸ்ட் சர்டிபிகேட் என்று ஒரு தாள் கூடவே போக வேண்டும். எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் தள்ளும், எவ்வளவு கரண்டு இழுக்கும் என்று அதில் இருக்கும். அந்தத் தாள் இல்லாவிட்டால் வடக்கே இருக்கும் பார்ட்டி லாரியிலிருந்து சரக்கை இறக்கவே விடமாட்டார். கம்ப்யூட்டர் படுத்த நாட்களில் நான் டைப்ரைட்டரில் உட்கார்ந்து தட்டுவேன். பெரியவர் அந்தப் பக்கம் வந்து நின்று, இதற்கு என்றைக்காவது காய்ச்சல் வந்திருக்கிறதா என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு லினக்ஸ் சிடி ஒன்று இலவசமாக வந்தது. அந்த வைரஸ் எதுவும் இதை அண்டாது, உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி எல்லோருக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்று சின்னவரிடம் விளக்கினேன். அவர் தலையாட்டினார். பெரியவர், சும்மா கொடுக்கிறவன் யார், எதற்காகக் கொடுக்கிறான் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கடைசியில் அண்ணன் தம்பிக்குள் ஒரு பேச்சு முடிவானது. புதிதாக ஆரம்பிப்பதை விஜயதசமி அன்று ஆரம்பிக்கட்டும். மறுநாள் விடிந்ததும் லாரி கிளம்புகிறது. விஜயதசமி சாயங்காலத்துக்குள் அந்தச் சரக்குக்கு உண்டான சர்டிபிகேட்டெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து அச்சாகி வந்தால் சரி. வராவிட்டால் கம்ப்யூட்டரை யாருக்காவது தள்ளிவிடுவது. கம்ப்யூட்டர் இல்லாத ஆபீசில் எனக்கு என்ன வேலை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? வீட்டில் என் ஜாதகத்தை வெளியே எடுக்காமல் பிடித்து வைத்திருந்தது அந்த வேலை ஒன்றுதான். அது போனால் அடுத்த முகூர்த்தத்துக்குள் என்னை யாருக்காவது கட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நிஜமாகவே பயமாக இருந்தது.

இங்கே சின்னவரின் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பெரியவர் ஆபீசில் இருந்தால் அக்கா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். கணவனின் அண்ணன் எதிரில் நிற்பதோ பேசுவதோ அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. பெரியவரும் அப்படித்தான். காப்பி வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, காப்பி கிடைத்தால் தேவலை என்பார். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா டம்ளரை எடுப்பார். சண்டை ஒன்றும் கிடையாது, எல்லாம் மரியாதைதான். எனக்கு இதைப் பார்த்தால் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வரும்.

ஆனால் ஆயுத பூஜை அன்று பட்டறை முழுக்க அக்காவின் ராஜ்யம். ஆட்கள் லேத்தையும் டிரில்லிங் மிஷினையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து வைக்க, அக்கா ஒரு கிண்ணத்தில் சந்தனமும் இன்னொன்றில் குங்குமமும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போவார். ஸ்பேனர், சுத்தியல், தராசு, டெலிபோன், ஒன்றும் பாக்கி இருக்காது. நான் பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். லினக்ஸ் சிடியையும் உறையோடு கம்ப்யூட்டர் பக்கத்தில் பூஜைக்கு வைத்திருந்தேன். கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் பொட்டு வைத்ததைப் பார்த்தேன். அதற்குமேல் கவனிக்கவில்லை. பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது என்பதால் எல்லோரும் நேரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டோம்.

மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டி, சிடியை உறையிலிருந்து எடுத்துப் போட்டேன். பழைய சர்டிபிகேட் கோப்புகளையும், நாளைய சரக்குக்கு அடித்து வைத்தவற்றையும் பிளாப்பிகளில் முன்னமே எடுத்து வைத்திருந்ததால் துணிந்து டிஸ்க்கை மொத்தமாக அழித்தேன். லினக்ஸ் என்பது ஒரே உருப்படி அல்ல. பேக்கேஜ் என்று நூற்றுக்கணக்கான சிறு சிறு மூட்டைகள். எழுத்து அடிக்க ஒன்று, அச்சடிக்க ஒன்று என்று வரிசையாக ஏறும். பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடுவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பாதிக்குமேல் போனதும் நின்றது. இந்தப் பேக்கேஜைப் படிக்க முடியவில்லை என்று வந்தது.

அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகச் சொன்னேன். அடுத்தது, முந்தையது இல்லாமல் நான் வரமாட்டேன் என்றது. கல்யாணத்துக்கு ஒரு வீட்டில் பத்திரிகை வைக்க மறந்தால், அவர்களை நம்பியிருக்கும் நாலு வீடும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளுமே, அந்த மாதிரி. முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். தேவையில்லாத பேக்கேஜையெல்லாம் தள்ளிவிட்டுக் குறைவாகத் தேர்ந்தெடுத்தேன். பெட்டியைத் திறந்து சிடி டிரைவின் கேபிளைக் கழற்றி மாட்டினேன். மெமரியை எடுத்து ரப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினேன். ஒவ்வொரு தடவையும் முன்பாதி அழகாக ஏறிவிட்டு, கிட்டத்தட்ட அதே இடத்தில் வந்து நின்றது. அச்சடிக்கும் பேக்கேஜெல்லாம் அந்த இடத்தைத் தாண்டித்தான் இருந்தன.

இடம் மாறாமல் நிற்கிறது என்றால் கோளாறு சிடியில்தான் இருக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் உறைத்தது. சிடி நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித்தான் படிக்கப்படும். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பளபளக்கும் பக்கத்தில், ஓரமாக, காய்ந்த சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம் வேறு.

அந்த நேரம் பார்த்து அக்கா எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தார். நான் கத்திவிட்டேன். சிடியை மூக்குக்கு நேரே நீட்டி, இதில் போய் யாராவது பொட்டு வைப்பார்களா, அதுவும் எழுத்து இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கத்திலா என்று கேட்டேன். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையும் சிடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“முகந் தெரியற பக்கத்துலதானே கண்ணு பொட்டு வெப்பாங்க?” என்றார்.

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் சொன்னது சரிதானே. கண்ணாடி மாதிரி முகம் தெரியும் பொருளுக்கு அந்தப் பக்கம்தான் நெற்றி. துடைத்தால் சரியாகப் போய்விடும் என்று அவருக்குச் சமாதானம் சொன்னேன். அக்காவுக்கு அதுவும் சங்கடம். பூஜையில் வைத்த பொட்டை விஜயதசமி அன்றைக்கே அழிப்பதா என்று கையைப் பிசைந்தார். அதற்குள் வாசலில் பெரியவரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அக்கா கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.

பெரியவர் திரையைப் பார்த்தார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார். பூஜைப் பொட்டால் நின்றுவிட்டது என்று நான் எப்படிச் சொல்வது? சாமி காரியத்தைக் குறை சொன்னதாகும், அக்காவையும் மாட்டிவிட்டதாகும். சிடியில் கோளாறு என்று மட்டும் சொன்னேன். சும்மா கிடைப்பதன் லட்சணம் இதுதான் என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் ஒருபோதும் உயர்த்தமாட்டார்.

“பரவால்லீங்க அம்மணி. சர்டிபிகேட்ட டைப்ரைட்டர்ல அடிச்சுக் குடுத்துப்போட்டுப் போங்க. நாளையிலிருந்து நீங்க சிரமப்பட்டு வர வேண்டாமுங்க.”

இவ்வளவு மரியாதையாக ஒருவரை வேலையை விட்டு அனுப்ப எங்கள் ஊர்க்காரர்களால்தான் முடியும். டைப்ரைட்டர் பக்கம் திரும்பினேன்.

கதவு அசைந்தது. அக்கா வெளியே வந்து ஆபீஸ் நடுவில் நின்றார். பெரியவரை என்ன முறை சொல்லி அழைப்பது என்றுகூட அவருக்குப் பழக்கமில்லை. அந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அழைத்ததே இல்லையே.

“ஏனுங்க, தப்பு என்மேலதானுங்க. நேத்துப் பூசையில அந்தச் சிடித் தட்டை உறையிலிருந்து எடுத்து நாந்தான் பொட்டு வெச்சுப்போட்டேன். அதுலதான் நின்னுபோச்சு. என்னைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு அந்தப் புள்ள வாயத் தொறக்காம நிக்குதுங்க. அத அனுப்பாதீங்க.”

குரல் நடுங்கியது. ஆனால் நிறுத்தாமல் முழுதாகச் சொல்லி முடித்தார். எனக்காக அதுவரை யாரும் அப்படி முன்னால் வந்து நின்றதில்லை. பெரியவர் பழக்கப்படி சுவரைப் பார்த்தார். பூஜை செய்கிறவர்கள் பொட்டு வைக்காமல் என்ன செய்வார்கள் என்று சுவரிடம் சொன்னார். சாயங்காலம் வரைக்கும் பார்க்கட்டும் என்றும் சொல்லிவிட்டு அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பொட்டை அக்காவே துடைத்தார். தான் வைத்ததைத் தானே எடுப்பதுதான் முறை என்று சொல்லி, மெல்லிய பழைய வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்து, நான் சொன்னபடி நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுத்து இழுத்துத் துடைத்தார். சந்தனம் போய்விட்டது. குங்குமம் இருந்த இடத்தில் லேசான சிவப்பு மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. மறுபடி முதலிலிருந்து ஏற்றினேன். நின்ற இடத்தைத் தாண்டியது. கடைசி மூட்டை வரை ஏறிவிட்டது, ஒன்றே ஒன்றைத் தவிர. எது வராமல் போகக்கூடாதோ அதுதான் வரவில்லை. அச்சு வேலையை வரிசைப்படுத்திப் பிரிண்டருக்கு அனுப்பும் பேக்கேஜ்.

எத்தனை துடைத்தும் அது ஏறவில்லை. எனக்கு அழுகை வந்தது. வேறு வழி தெரியாமல், சிடியோடு வந்திருந்த விளக்கக் கட்டுரைகளைத் திறந்தேன். அவை முன்பாதியிலேயே ஏறியிருந்தன. அச்சடிப்பது பற்றிய கட்டுரையில், எதையும் நிறுவுவதற்கு முன்னால் பிரிண்டருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கோப்பை நேராக அதற்கே அனுப்பிப் பார்க்கலாம் என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்திருந்தார். இடையில் எந்தப் பேக்கேஜும் தேவையில்லை. எங்களுடையது பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். எழுத்தைக் கொடுத்தால் எழுத்தை அடிக்கும். சும்மா கொடுக்கிறவன் யார் என்று பெரியவர் கேட்டாரே, அந்த ஆள் இவர்தான். முகம் தெரியாத அந்த மனிதருக்கு அன்று மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

சோதனைக்கு நாலு வரி தட்டி அனுப்பினேன். தாளில் படிக்கட்டு மாதிரி வந்தது. ஒரு வரி முடிந்த இடத்துக்குக் கீழே அடுத்த வரி தொடங்கியது. இப்படியும் வரும் என்று அந்தக் கட்டுரையிலேயே இருந்தது. புதிய சிஸ்டம் வரியை முடிக்கும் விதம் வேறு, இந்தப் பிரிண்டர் எதிர்பார்க்கும் விதம் வேறு. ஆனால் என் சர்டிபிகேட் கோப்புகள் பழைய சிஸ்டத்தில் அடித்தவை. அதில் வரி முடிவது பிரிண்டருக்குப் பிடித்த மாதிரியே இருக்கும். பிளாப்பியைப் போட்டு முதல் சர்டிபிகேட்டை அனுப்பினேன்.

பிரிண்டர் கிர் கிர் என்று இழுத்துக்கொண்டு அடித்தது. தாள் நேராக வந்தது. பெரியவர் எழுந்து வந்து கிழித்து எடுத்து, மூக்குக் கண்ணாடி போட்டு, ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். அடுத்த தாள் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. வெளியே இன்னும் வெயில் இருந்தது. அக்கா கதவுக்குப் பின்னால் போகவில்லை. பிரிண்டருக்குப் பக்கத்திலேயே நின்று, வரும் தாள்களைக் கையில் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

எல்லாம் அடித்து முடிந்ததும் பெரியவர் அந்தக் கட்டை வாங்கக் கையை நீட்டினார். சுவரைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்குது சாமி” என்றார், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போல.

“ஆமாங்க” என்றார் அக்கா.

அவ்வளவுதான் பேசினார்கள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. என்னிடம் பெரியவர், நாளைக்குக் காலையில் லாரி சீக்கிரம் கிளம்பும், நேரத்தோடு வாங்க என்று மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். பிறகு எத்தனையோ ஆபீஸ், எத்தனையோ கம்ப்யூட்டர் பார்த்துவிட்டேன். நான் சொந்தச் சம்பளத்தில் நிற்பதாக யாராவது சொன்னால் எனக்கு அந்த அக்காவின் நடுங்கும் குரல்தான் காதில் கேட்கும். மறுநாள் விடிவதற்குள் எழுந்து குளித்து, வேலைக்குப் போனேன்.