ஓடும் எழுத்தில் வந்த கடல்

அந்த ஹெட்போனின் வயர் எதிலும் செருகியிருக்காது. காதில் படும் பஞ்சு ஒரு பக்கம் பிய்ந்து, வாய்க்கு எதிரே நீட்டிக்கொண்டிருக்கும் மைக் ஒடிந்து, முதலாளி தூக்கிப் போடச் சொன்ன சாமான் அது. என் தோழி அதை எடுத்து வைத்துக்கொண்டாள். காலையில் கடைக்கு வந்ததும் கைப்பையை மேஜைக்கு அடியில் தள்ளுவாள், ஹெட்போனை மாட்டிக்கொண்டு டைப் அடிக்க உட்கார்ந்துவிடுவாள். வயரின் முனை மடியில் கிடக்கும். பிளக் கழன்று விழுந்துவிட்டது என்று நினைத்து நான் ஒரு நாள் அதை எடுத்துச் செருகப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்தாள். “வேணாம்டி. கேக்குறதுக்குப் போடல. கேக்காம இருக்கத்தான் போட்டிருக்கேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வயரை மறுபடி அவள் மடியிலேயே போட்டேன்.

புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் கடை. பின்பக்கம் பிளைவுட் தடுப்புகள் போட்ட பிரவுசிங் சென்டர், முன்பக்கம் நாங்கள் இருவரும் உட்கார்ந்து தமிழில் டைப் அடிக்கும் டி.டி.பி. மேஜைகள். நான் தவளக்குப்பத்துக்காரி, வீட்டில் விவசாயம். அவள் பிள்ளைச்சாவடி. அப்பா கடலுக்குப் போவார், அம்மா டவுனில் மீன் விற்பார். மதியம் டப்பாவைத் திறந்ததும் என் கத்தரிக்காயை அவள் எடுத்துக்கொண்டு, தன் மீன் குழம்பை என் பக்கம் தள்ளுவாள். “மீன்காரி பொண்ணு கத்தரிக்காய்க்கு இப்படிப் பறக்குதே” என்று கிண்டல் செய்வேன். “தெனம் தின்னா உனக்கும் தெரியும்” என்பாள். அவளோடு இருந்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

சுனாமி அவள் தம்பியைக் கொண்டுபோனது. காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்றே அவனுக்கான கண்ணீர் அஞ்சலியை அவளே டைப் அடித்தாள். நான் அடிக்கிறேன் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. ஒரு பிழை இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த ஹெட்போன் வந்தது. கொஞ்ச நாளில், வேலைக்கு நடுவே தலையைச் சாய்த்து எதையோ உற்றுக் கேட்க ஆரம்பித்தாள். கடற்கரைக்கும் எங்கள் கடைக்கும் நடுவே பாதி ஊர் இருக்கிறது, அலைச் சத்தம் கேட்க வழியே இல்லை. “கடல் பேசுதுடி. இன்னும் முடிக்கலன்னு சொல்லுது” என்றாள் ஒரு நாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. அன்று சாயங்காலமே அவள் அம்மாவிடம் சொன்னேன். “தம்பிய நெனச்சி நெனச்சி ஏங்கிப் போயிருக்கா பாப்பா. போகப் போகச் சரியாப் பூடும்” என்றார். அப்படித்தான் நானும் நம்ப விரும்பினேன்.

அப்போது எங்கள் ஊர் கேபிள் சேனலில் படம் ஓடும்போது, திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். நகைக்கடைத் தள்ளுபடி, கூழ் ஊற்றும் திருவிழா, காணவில்லை, நினைவஞ்சலி, நாளை குடிநீர் வராது. அதில் முக்கால்வாசி எங்கள் மேஜையில் அடித்ததுதான். சாயங்காலம் எல்லாவற்றையும் ஒரு ஃபிளாப்பியில் போட்டுக் கேபிள் ஆபீசுக்கு அனுப்புவோம். அங்கே யாரும் படித்துப் பார்ப்பதில்லை, எங்கள் கடைச் சரக்கில் பிழை இருக்காது என்று அவ்வளவு நம்பிக்கை. ஒரு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்தில், எங்கள் வீட்டு டி.வி.யில் பட்டுப்புடவைத் தள்ளுபடிக்கும் யாரோ ஒரு பெரியவரின் நினைவஞ்சலிக்கும் நடுவே அந்த வரி ஓடியது. ‘பொதுமக்கள் கவனத்திற்கு: வரும் ஞாயிறு கடல் மறுபடியும் வரும். குழந்தைகளைக் கரையில் விட வேண்டாம்.’ குடிநீர் வராது என்று அறிவிக்கும் அதே வாசகம், அதே எழுத்து. என் அப்பா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு மட்டும் அது யார் கை என்று தெரிந்தது. சொன்னால் அவளைப் பிடித்துக்கொள்வார்கள் என்று அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

காலையில் கேபிள்காரர்கள் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அதுவே வினையாகிப் போனது. உண்மையை மறைக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. எஸ்.எம்.எஸ். பறந்தது. எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிரான்சில் சொந்தக்காரர்கள் உண்டு. யாரோ அந்த வரியை மெயிலில் பாரீசுக்கு அனுப்ப, யாரோ அதை அங்கே நம்மவர்கள் கூடிப் பேசும் ஓர் இணையதளத்தில் போட, அதைப் படித்த மகன்களும் மகள்களும் பதறிப்போய் ஊருக்குப் போன் செய்தார்கள். சனிக்கிழமை மதியம் டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார்: “இனி இன்னா சந்தேகம்? பிரான்சுலேருந்தே போன் வந்துடுச்சி!” எங்கள் மேஜையில் கிளம்பிய வரி பாரீசுக்குப் போய், வெள்ளைக்காரன் சொன்ன எச்சரிக்கையாகத் திரும்பி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். சாலையில் மூட்டையும் முடிச்சுமாக ஜனம். முகம் தெரியாதவர்கள் எங்கள் வீட்டுக் களத்தில் வந்து உட்கார்ந்தார்கள், அம்மா பெரிய குண்டானில் சோறு வடித்தாள். குழந்தைகள் அழுவதைக் கேட்கக் கேட்க, ஒருவேளை வந்துவிடுமோ என்று எனக்கே பயம் பிடித்தது. உண்மை தெரிந்த எனக்கே அப்படி! பிள்ளைச்சாவடியில் அன்று இருந்தது இரண்டே பேர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்த என் தோழியும், அவளை விட்டு நகராத அவள் அம்மாவும்.

கடல் வரவில்லை. திங்கட்கிழமை ஊர் வெட்கப்பட்டது, செவ்வாய்க்கிழமை ஆத்திரப்பட்டது. அந்த வரியை ஓட்டிய கேபிள் சேனலே, அந்த வரியை எழுதியது யார் என்று மணிக்கொரு தரம் கேட்டது. மாலைப் பத்திரிகையின் போஸ்டர் பெட்டிக்கடைகளில் தொங்கியது: ‘இன்டர்நெட்டில் சுனாமி விட்டது யார்?’ அவள் இன்டர்நெட்டைத் தொடவே இல்லை. ஆனால் அந்தச் சொல்லைப் போட்டால் ஜனம் பயந்து வாங்கியது. போலீஸ் வந்து கேட்டதும் முதலாளி அவள் பெயரைச் சொல்லிவிட்டார், பத்திரிகைக்காரர்களிடமும் சொன்னார். கடையில் ஆயுத பூஜைக்கு எடுத்த போட்டோவையும் கொடுத்துவிட்டார். அதில் நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் போட்டார்கள். அவள் தோளில் இருந்த என் கை மட்டும் மிஞ்சியிருந்தது.

அவள் வீட்டு வாசலுக்கு இரண்டு கூட்டம் வந்தது. ஒரு கூட்டம் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து, அம்மன் இவள் மேல் இறங்கிச் சொன்னதால்தான் கடல் அடங்கிற்று என்று காலில் விழுந்தது. இன்னொரு கூட்டம் கல்லோடு வந்தது. எனக்கு முதல் கூட்டத்தைப் பார்த்துத்தான் அதிகம் பயம். கல் எறிகிறவர்களிடமிருந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம். கும்பிடுகிறவர்கள் அவளை டாக்டரிடம் போகவே விடமாட்டார்கள்.

வாசலில் கூட்டம் தாங்காமல் ஒரு நாள் கொல்லை வழியாக வெளியேறிக் கடைக்கு வந்துவிட்டாள். பின்பக்கத் தடுப்பு ஒன்றுக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டாள். அந்த இணையதளத்தில் அவள் போட்டோவுக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக எழுதியிருந்தார்கள். கடலையே பார்க்காத ஊர்க்காரர்கள்கூட எழுதியிருந்தார்கள். தூக்கில் போட வேண்டும், நடுத்தெருவில் கட்டி வைத்து அடிக்க வேண்டும், அவளையே கடலில் தள்ளினால் என்ன. அவள் விரலால் ஒவ்வொரு வரியையும் தொட்டுக் காட்டினாள். “உனக்கும் தெரியுதா இது?” என்று கேட்டாள். தெரிகிறது என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “பாத்தியா? இதத்தான் இவ்ளோ நாளா எங் காதுல சொல்லிட்டிருந்தாங்க. நான் பொய் சொல்லலடி.” நான் கம்ப்யூட்டரை அணைத்தேன். அவள் காதுக்குள் மட்டும் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள், இனி இவளிடம் எது நோய், எது நிஜம் என்று எப்படிச் சொல்வேன்? என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்தது அந்த நிமிஷத்தில்தான்.

மறுநாள் பிற்பகல் அவள் அம்மா மீன் கூடையோடு கடைக்கு ஓடி வந்தார். “இங்க வந்தாளா பாப்பா? வூட்ல இல்ல.” ஆட்டோ பிடித்துப் பிள்ளைச்சாவடிக்குப் போனோம். வழி முழுக்க அவர் என் மணிக்கட்டை விடவில்லை. கரையில் கேபிள் சேனல்காரர்கள் வந்திருந்தார்கள். அத்தனை நாள் அவர்களுக்கு முகம் காட்டாதவள், அன்று தானாகவே அவர்கள் முன்னால் தண்ணீர் ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். தலையில் அந்த ஹெட்போன், வயர் ஈர மணலில் இழுபட்டது. செய்தியாளர் மைக்கை நீட்டியபடி கூடவே நடந்தார். “கடல் இப்ப என்ன சொல்லுதும்மா?” அவள் நிதானமாகச் சொன்னாள்: “நான் வந்துட்டா போதுமாம். வேற யாரையும் தொடாதாம்.” அவர் திரும்பிக் காமிராக்காரரிடம் “இத எடு, இத எடு” என்றார். அவள் முழங்கால் தண்ணீரில் இருந்தாள். அடுத்த அலையில் இடுப்புக்கு வந்தது. அவரைக் கெட்ட மனிதர் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. நல்ல பேட்டி கிடைக்கிறது என்ற சந்தோஷத்தில், அவள் சொன்னதன் அர்த்தம் அவருக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

கூடையைப் போட்டுவிட்டு அவள் அம்மா ஓடினார். “படம் புடிக்கிறத வுட்டுட்டு அவளப் புடிங்கடா! எம் பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லடா! ஒடம்பு சரியில்ல!” அத்தனை நாளில் அந்த வார்த்தையை ஒருவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மன் என்றார்கள், புளுகி என்றார்கள். உடம்பு சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை. நான் அவள் பாவாடையைப் பிடித்தேன், அவள் அம்மா தலைமுடியைப் பிடித்தார். மைக்கை வீசிவிட்டு அந்தச் செய்தியாளரும் பேன்ட் சட்டையோடு தண்ணீரில் இறங்கினார். மூன்று பேரும் இழுத்துத்தான் அவளைக் கரைக்குக் கொண்டுவர முடிந்தது. அந்தக் காட்சி டி.வி.யில் வரவில்லை. அவரே வேண்டாம் என்றாரோ, காமிராவில் உப்புத்தண்ணீர் புகுந்ததோ, தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். “பேயாம்மா, அம்மனா?” என்று அவள் அம்மா கேட்டார். “ரெண்டும் இல்ல. நோய். மருந்து இருக்கு, ரொம்ப நாள் சாப்பிடணும்” என்றார் அவர். அவள் அம்மா அந்தப் பதிலைக் கேட்டு முதலில் அழுதார், பிறகு மருந்து சோற்றுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார். நர்ஸ் ஹெட்போனைக் கழற்றப் போனபோது, இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. வார்டில் அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். அதற்குள் சேனலுக்கு வேறு செய்தி கிடைத்துவிட்டது. அந்தப் போஸ்டர் மழையில் கிழிந்து தொங்கியது.

அவ்வளவு எளிதாக முடிந்துவிடவில்லை. மருந்தில் உடம்பு ஊதியது, கை நடுங்கி டைப் அடிக்க முடியாமல் போனது. நடுவில் இரண்டு தடவை மாத்திரையை நிறுத்தி மறுபடி படுத்தாள். அலைச் சத்தமே வேண்டாம் என்று அவள் அம்மா எங்கள் ஊரிலேயே வீடு பிடித்துக் குடிவந்தார். கடலையே நம்பிப் பிழைத்தவர், தவளக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிப் போய் மீன் எடுத்து விற்றார். அவர் காலமாகியும் சில வருஷம் ஆயிற்று. என் தோழி இப்போது ஜாக்கெட் தைக்கிறாள். என் ஜாக்கெட் எல்லாம் அவள் தைத்ததுதான், கை மட்டும் எப்போதும் ஒரு விரற்கடை நீளமாகவே இருக்கும்.

போன மழைக்காலத்தில் புயல் என்றார்கள். காலையிலிருந்து டி.வி.யில் ரெயின்கோட் போட்டவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். என் போனில் ஊர் பேர் தெரியாதவர்கள் குரல் பதிவாக எச்சரித்தார்கள், பிரான்சிலிருந்து என் அத்தை மகள்கூட ஒன்றை அனுப்பியிருந்தாள். அந்த நேரத்தில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். இப்படிப்பட்ட நாட்களில் நான் அவள் உதட்டைத்தான் முதலில் பார்ப்பேன், தனக்குத்தானே அசைகிறதா என்று. தலை சாய்கிறதா என்று பார்ப்பேன். அன்றும் பார்த்தேன். டி.வி. சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, “ஏதாவது கேக்குதாடி?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கையிலிருந்த போனில் அடுத்த குரல் பதிவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தாள். என் கையிலிருந்த போனை வாங்கிக் குப்புற வைத்தாள். பையிலிருந்து அந்தப் பழைய ஹெட்போனை எடுத்தாள். பிய்ந்த பஞ்சுக்குப் பதில் ஜாக்கெட் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள்.

“இந்தா, நீ போட்டுக்க. எனக்கு மாத்திரை இருக்கு. உனக்கு இன்னாடி இருக்கு?”

போட்டுக்கொண்டேன். வயரின் முனை என் மடியில் கிடந்தது.