தம்பி கேட்ட வீடியோ

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆற்றை மறித்துக் கட்டிய சின்ன மின் நிலையத்தில் எனக்கு வேலை. மேலே அணைக்கட்டு, அங்கிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் கீழே டர்பைனைச் சுற்றும். பதினொரு வருட இரைச்சலில் என் வலது காது பாதி மந்தமாகிவிட்டது.

தம்பிக்குக் கொழும்பில், ஒரு டேட்டா சென்டரில் வேலை. அப்பா படுக்கையில் விழுந்த வருடம் நான் படிப்பை நிறுத்தினேன். அவன் கம்பஸ் போய்ப் பட்டம் வரை படித்தான். கம்ப்யூட்டர்கள் சூடாகாமல் இருக்க அறையைக் குளிர வைப்பார்களாம், அதனால் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் வேலை செய்வானாம். அம்மா அதைத் தோட்டத்து லயம் முழுக்க, வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். அக்கரப்பத்தனையில் குளிருக்கா பஞ்சம் என்று எனக்கு எரியும்.

இன்னொன்றும் எரிந்தது. அங்கே கரண்ட் ஒரு நொடிகூட நிற்காதாம். நின்றால் வரிசையாக டீசல் ஜெனரேட்டர்கள் இருக்கின்றனவாம். எங்களுக்கோ மெயின் லைனில் கரண்ட் போனால் டர்பைனையும் நிறுத்தியாக வேண்டும். மின் நிலையத்துக்குப் பக்கத்து லயத்தில் என் மனைவி மெழுகுதிரி வைத்துச் சமைப்பாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் தம்பி போன் எடுத்தான். மலைத் தண்ணீர் கரண்டில்தான் தங்கள் சென்டர் ஓடுகிறது என்று கம்பெனி விளம்பரம் செய்யப் போகிறதாம். ஆறு ஓடுவது போல ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னான். "நம்ம ஆத்தைக் காட்டினா எனக்கும் பெருமை அண்ணே" என்றான்.

அப்போது ஆறு ஓடவில்லை. மழை இல்லாத மாதங்களில் இருக்கும் தண்ணீரெல்லாம் குழாய்க்கே போகும். ஆற்றுக்கென்று கொஞ்சம் விட அணைக்கட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. மின் நிலைய முதலாளி அதை மூடச் சொல்வார். மூடுவது நான்தான். அணைக்கட்டுக்குக் கீழே அரை மைல் வெறும் கல். பெண்கள் துணி மூட்டையோடு, மலைச்சரிவில் குழாய் வழியே விழும் பீலித் தண்ணீருக்கு வரிசையில் நிற்பார்கள்.

காய்ந்த கற்களையும் குட்டையில் சாகக் கிடந்த மீன்களையும் அந்த வரிசையையும் படம் பிடித்து அனுப்பினேன். ஆற்றின் மேல் இருந்த அக்கறையில் அல்ல. அந்தக் குளிர் அறையில் உட்கார்ந்து அவன் முகம் சுருங்க வேண்டும் என்றுதான்.

இரண்டு நாள் பதில் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவன் அந்த வீடியோவைக் கம்பெனிக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டியிருக்கிறான். இதைத் தெரிந்துகொண்டு மலைத் தண்ணீர் என்று எழுத முடியாது, இந்த மாதங்களில் நமக்கு வருவதில் பாதி நிலக்கரியும் டீசலும்தான் என்றும் சொல்லியிருக்கிறான். விளம்பரம் நின்றுபோனது. கரண்ட் எங்கிருந்து வருகிறது, அதனால் யாருக்கு என்ன கேடு என்று பார்க்கும் பொறுப்பையும் அவனிடமே கொடுத்துவிட்டார்கள்.

கொழும்பிலிருந்து தம்பியின் கம்பெனி ஆட்கள் வந்து ஆற்றைப் பார்த்துப் போனார்கள். அடுத்த வாரம் முதலாளி கதவைத் திறக்கச் சொன்னார். குழாய்க்குத் தண்ணீர் போதாமல் பகலில் சில மணி நேரம் டர்பைன் நின்றது, ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது.

பீலிக்கரைப் பெண்கள் என்னை நிறுத்தி, "ஒங்க தம்பி புண்ணியத்துல தண்ணி வந்திருச்சுங்க" என்றார்கள். நான் தலையாட்டிவிட்டு நடந்தேன்.

அன்று மாலை அவன் போன் எடுத்தான். "வீடியோ யாரு எடுத்ததுன்னு நான் சொல்லல அண்ணே. சொன்னா ஒங்க வேலை போயிரும்" என்றான்.

எனக்காகத்தான் மறைத்திருக்கிறான். அது புரிந்தும் என் நெஞ்சு ஆறவில்லை. நான் கெட்ட எண்ணத்தில் செய்ததை அவன் நல்ல எண்ணத்தில் முடித்துவிட்டான், அந்த நல்ல எண்ணத்தின் மேலும் எனக்குப் பொறாமைதான். "சரிடா, சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.