எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தேன்

திருவையாறு பக்கம் எங்கள் வீடு. மேற்கு பார்த்த தேக்குக் கதவில் அடித்த வார்னிஷ், வெயிலுக்கும் சாரலுக்கும் வருஷா வருஷம் உரிந்துவிடும். இந்த முறை மரத்துக்குள் ஊறும் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய் வாங்கி, நானே பழைய துணியால் தேய்த்தேன். கதவு தேன் நிறத்தில் மின்னியது. சாயங்காலம் மாட்டுக்குக் கொசுப்புகை போட ஆகுமே என்று, அந்தத் துணியைச் சுருட்டிக் கொட்டகை வைக்கோலில் செருகிவிட்டுச் சமைக்கப் போனேன்.

மதியம் பக்கத்து வீட்டு மலர் கத்தினாள். "அக்கா, கொட்டகைல புகை வருதுக்கா!"

ஓடினோம். கன்றை அவிழ்த்துக்கொண்டே என் கணவர், வயல் வேலைக்கு வந்திருந்த முருகேசனிடம், "பீடியை அங்கயா போட்ட?" என்று சீறினார்.

"நான் பீடியே குடிக்கிறதில்லீங்க" என்றபடி அவர் வைக்கோலை இழுத்துத் தண்ணீர் ஊற்றினார். உள்ளே கருகிக் கிடந்தது என் எண்ணெய்த் துணி.

கடைக்காரருக்குப் போன் போட்டோம். "அய்யோ, சொல்ல மறந்துட்டேங்க. அந்த எண்ணெய் காயும்போது தானா சூடேறும். சுருட்டி வச்சா தீயே பிடிச்சிரும்."

முருகேசனிடம் இருவரும் மன்னிப்புக் கேட்டோம். "கன்னு பிழைச்சுதே, போதுங்க" என்றார்.

இப்போது துணியைத் தண்ணீரில் முக்கி, வெட்டவெளியில் விரித்துப் போடுகிறேன். கொட்டகையில் புகை தெரிந்தால் என் கணவர் முதலில் என்னைத்தான் பார்க்கிறார்.