பூனையின் வயிற்றில் ஒரு நேர்கோடு

மத்தியானம் மடியில் வந்து படுத்த பூனையைத் தடவப் போன நூலண்ணனின் கை பாதியில் நின்றது. வயிற்றில் முடி இல்லை. உள்தொடையிலும் இல்லை. புண்ணோ சொறியோ கிடையாது. வழித்துவிட்டது போல வெறும் தோல்.

அந்தத் தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர் அவர். பின்கழுத்தில் அவர் போடும் கோடு நூல் பிடித்தாற்போல இருக்கும் என்பதால் வந்த பெயர்; சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே கொஞ்சம் யோசித்தால்தான் வரும்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூனையை வெளிச்சத்தில் பார்த்தார். முடி இருந்த இடமும் இல்லாத இடமும் சேரும் ஓரத்தை விரலால் எதிர்த்துத் தடவினார். உதிர்ந்த முடி வேரோடு போகும். இங்கே அடிக்கட்டை நின்றது. நுனி மழுங்கலாக வெட்டுப்பட்டிருந்தது. ஓரம் நேராக இருந்தது.

"ட்ரிம்மர்" என்றார்.

அந்த வீட்டில் ட்ரிம்மர் பிடிக்கத் தெரிந்தவர்கள் இருவர்: அவர், அவருடைய தம்பி. கடையில் இரண்டாவது நாற்காலி தம்பியுடையது, வீட்டில் பின்னறை. ஒருவர் முடியை ஒருவர்தான் வெட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் முடிதிருத்துபவனுக்கு எட்டாத ஒரே கழுத்து அவனுடையது. தம்பி வெட்டி முடித்ததும் நூலண்ணன் கோட்டை விரலால் தடவிப் பார்த்து, "இடது பக்கம் தூக்கிடுச்சு, மறுபடி போடு" என்பார். ஒருமுறைகூட நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

கடைக்கூரை ஒழுகியதால் வேலை நடந்துகொண்டிருந்தது. நாற்காலிகள், பெட்டிகள், இரண்டு பெரிய கண்ணாடிகள் எல்லாம் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டன. கண்ணாடிகள் எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றன. வேலை இல்லாத அண்ணனும் தம்பியும் நாள் முழுக்க ஒருவர் காலில் ஒருவர் இடறிக்கொண்டிருந்தார்கள். போன வாரம், கறுப்புக் கால்சட்டையில் ஒட்டிய பூனைமுடியைப் பொறுக்கிக்கொண்டே தம்பி, "ஒரு நாள் இவளை வழிச்சு விடப்போறேன் பாரு" என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இப்போது அது வேறு மாதிரி ஞாபகம் வந்தது.

தம்பி பூனைக்கு மீன் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"பண்றதையும் பண்ணிட்டு மீன் வேறயா?"

"என்ன பண்ணேன்?"

"வாயில்லா ஜீவனை வழிச்சு விட்டிருக்கியே, எப்படிடா கை வந்துச்சு?"

விளையாட்டு என்று நினைத்துத் தம்பி சிரித்தான். பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு உடனே போகவில்லை. போக இடம் தெரியாமல் உதட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"நானா?" என்றான்.

"பொய் சொல்லாத. எனக்கு வேலை தெரியும்."

மீனைத் தரையில் வைத்துவிட்டு, கத்திரிப் பையை எடுத்துக்கொண்டு தம்பி கிளம்பினான். வாசலில் திரும்பி, "கடை திறந்தா அந்த நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்கண்ணே" என்றான். குரல் உயரவில்லை.

"அவரை அனுப்பியாச்சு" என்றாள் மனைவி. "அடுத்து யாரு, நானா?"

நூலண்ணன் வீட்டில் இருந்த ட்ரிம்மரை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினார்.

சில நாள் கழித்துப் பூனையின் முன்னங்கால் வெறுமையாக இருந்தது. அதே வழவழப்பு, அதே நேர் ஓரம். அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி அங்கேயே இருந்தது. அலமாரியைத் திறந்தார், ட்ரிம்மர் வைத்தபடியே கிடந்தது.

"நான்தான் வழிச்சேன்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "எங்கம்மா வீட்டுக்குப் போயி ரொம்ப நாளாச்சு."

அவர் கூடத்தில் உட்கார்ந்து, செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பூனை கிண்ணத்தருகே வந்தது. இரண்டு வாய் தின்றது, நிமிர்ந்தது. கண்ணாடிகளில் இடப்பக்கம் ஒரு பூனை, வலப்பக்கம் ஒரு பூனை, அவற்றுக்குப் பின்னால் இன்னும் இன்னும் பூனைகள். வழக்கமாக ஒளியும் கட்டிலடிக்கு ஓடியது; அங்கே கடைப்பெட்டிகள் அடைத்திருந்தன. திரும்பி வந்து கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, காலைத் தூக்கி நக்கத் தொடங்கியது.

உப்புத்தாள் தேய்வது போலச் சத்தம். ஒவ்வொரு முறை நக்கும்போதும் முடி இழுபட்டு அறுந்தது. அவர் கூப்பிட்டார், காதில் விழவில்லை. செய்தித்தாளைக் கீழே போட்டார், நிறுத்தவில்லை. பூனை நக்குவதை அவர் தினமும் பார்த்தவர்தான். வீட்டின் மற்றச் சத்தங்களோடு அதுவும் ஒன்றாகப் போயிருந்தது. கை வேலையைத் தேடிய கண்ணுக்கு நாக்கு தென்படவே இல்லை.

அவர் கீழே கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்தார். முதலில் நினைவுக்கு வந்தது பூனை அல்ல. போக இடம் தெரியாமல் நின்ற அந்தச் சிரிப்பு.

கால்நடை மருத்துவர் பூனையைச் சீப்பால் வாரிப் பார்த்தார், தோலைச் சுரண்டிச் சோதித்தார். "பூச்சி இல்ல, தோல்ல கோளாறு இல்ல. பதற்றம். அதுக்குத் தெரிஞ்ச ஆறுதல் நக்குறது ஒண்ணுதான். வீட்டுல என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறல டாக்டரம்மா" என்றார் நூலண்ணன்.

"ஒண்ணும் மாறல" என்றாள் மனைவி. "கடையைத் தூக்கி வீட்டுக்குள்ள வச்சிருக்கோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பூனை அதை மொறைக்குது. ஒளிய இடமில்ல. சோறு வைக்கிற ஆளைத் திட்டி வெரட்டியாச்சு. வேற ஒண்ணும் மாறல."

மருத்துவர் சிரிக்கவில்லை. "கண்ணாடியை மூடுங்க. பதுங்க ஒரு பெட்டி வைங்க. நேரத்துக்குச் சோறு, கொஞ்சம் விளையாட்டு. நக்கும்போது அதட்டாதீங்க, இன்னும் மோசமாகும். சோறு வைக்கிறவர் யாரு?"

"என் தம்பி."

"அவரை வரச் சொல்லுங்க" என்றார், மாத்திரை எழுதித் தருவது போல.

"முடி எப்ப வளரும்?"

"மாசக்கணக்காகும்."

வெளியே வந்ததும் மனைவி, "கடைத்துணியைப் போட்டுக் கண்ணாடியை நான் மூடுறேன். நீங்க அவரைப் பாத்துட்டு வாங்க" என்று தனியாகப் போனாள்.

சைக்கிள் கடை மாடியில், நண்பன் அறையில் தம்பி இருந்தான். நூலண்ணன் பூனை இருந்த கூடையைக் கீழே வைத்துத் துண்டை விலக்கினார்.

"நீ போனப்புறம் கால்லயும் போயிடுச்சு. அதுவே நக்கிக்குதுடா. கண்ணால பாத்தேன்."

தம்பி குனிந்து, முடியின் ஓரத்தை விரலால் எதிர்த்துத் தடவினான். அவர் தடவிய அதே மாதிரி.

"நானா இருந்தாலும் ட்ரிம்மர்னுதான் சொல்லியிருப்பேன்ணே."

நூலண்ணனுக்கு மூச்சு வந்தது.

"ஆனா, பண்ணது நீன்னு சொல்லியிருக்க மாட்டேன்."

வந்த மூச்சு அங்கேயே நின்றது. குனிந்து கூடையின் துண்டைச் சரிசெய்தார்.

தம்பி அவரைச் சுற்றிப் பின்னால் போனான். "கழுத்து காடாக் கெடக்கு. உக்காரு."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். தம்பி பையிலிருந்து ட்ரிம்மரை எடுத்து, கூடையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தான். "சத்தத்துக்குப் பயப்படுவா." கத்திரியின் குளிர்ச்சி கழுத்தில் பட்டது. நூலண்ணன் தலையைக் குனிந்து கொடுத்தார்.

"சோறு எப்ப வைக்கிறே?"

"அப்பப்ப."

"அப்பப்ப வைக்கக்கூடாது. காலைல நான் வந்து வைக்கிறேன்."

கடையைப் பற்றி அவன் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வெட்டி முடித்து, முடியைத் தட்டிவிட்டுத் தம்பி வழக்கம்போலக் காத்து நின்றான். நூலண்ணன் எழுந்தார். கூடையைத் தூக்கினார். கோடு நேராக வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவில்லை.