கிளட்ச் மாஸ்டரின் டிபன் பாக்ஸ்

கிளட்ச் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமைதோறும் டிபன் பாக்ஸில் பட்டாம்பூச்சிகளை அடைத்துக்கொண்டு போய்ச் சரணாலயத்தில் திறந்துவிடுகிறார், பிறகு ஒன்றும் தெரியாத முகத்தோடு வந்து அவற்றைத் தானே எண்ணிக்கொள்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு. டிபன் பாக்ஸில் அடைத்தால் சிறகு என்ன கதி ஆகும் என்று பேச்சைக் கேட்டவர்கள் யாரும் யோசிக்கவில்லை. வதந்திக்கு அதெல்லாம் தேவையுமில்லை. ஆனாலும் ஒரு பேச்சு இவ்வளவு விவரமாக உலவினால் அதன் மடியில் கொஞ்சம் உண்மையும் முடிந்திருக்கும். விசாரித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தனக்கென்று உள்ள பிரேக்கின் மேல் காலையும் தன் உயிரின் மேல் கையையும் வைத்துக்கொண்டு, "கிளட்ச், கிளட்ச்" என்று சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கியவர். பெற்றோர் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

சரணாலயத்துப் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பில் அவரை இழுத்துவிட்டவர், அதை நடத்தும் பல் டாக்டரம்மா. கார் ஓட்டப் பழக வந்த முதல் வாரத்திலேயே, வேலியோரம் ஏதோ மஞ்சளாகப் பறக்கிறதே என்று பார்த்துக்கொண்டே வண்டியை வேலிக்குக் கொண்டுபோனவர். பிரேக்கை மிதித்த மாஸ்டர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். டாக்டரம்மா திறந்த வாயைப் பார்த்து, கடைவாய்ப் பல்லைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, மஞ்சளாகப் பறந்ததன் பெயரையும் சொன்னார். சிநேகம் அப்படி ஆரம்பித்தது.

கணக்கெடுப்பின் சட்டம் எளிது. சரணாலயத்துப் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார்கள். மெதுவாக நடக்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் ஒரு பெரிய பெட்டி இருப்பதாக நினைத்துக்கொண்டு, அதற்குள் வருவதை மட்டும் எண்ண வேண்டும். முதுகுக்குப் பின்னால் யானை அளவுக்குப் பட்டாம்பூச்சி பறந்தாலும் அது கணக்கில் கிடையாது. வாழ்நாளெல்லாம் மூன்று கண்ணாடி பார்த்துப் பழகிய கழுத்து முதலில் கேட்கவில்லைதான். ஆனால் பிரேக்கைத் தேடாமல் அவர் கால் நகர்வது வாரத்தில் அந்த ஒரு வேளைதான். அதற்காகக் கழுத்தைக் கட்டிப்போட்டார். பம்ப் ரூமுக்குப் பின்னால் இருக்கும் அவருடைய துண்டு, ஒன்றும் பறக்காத இடம் என்று மற்றவர்கள் தள்ளிவிட்டது. அவருக்கோ அது பட்டா போட்டுக் கொடுத்த நிலம்.

அடுத்த துண்டு மச்சினனுடையது. மனைவியின் தம்பி, ஜெராக்ஸ் கடைக்காரன். ஒன்றைக் கொடுத்தால் நூறாக்கித் தருவது அவன் தொழில், பேச்சிலும் அப்படியே. வேலியோரம் மாமா குந்தி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்ததை அவன் பார்த்தது நிஜம். மீதியைச் சொந்தச் செலவில் சேர்த்துக்கொண்டான்.

பேச்சு டாக்டரம்மா காதுக்கும் போனது. கள்ளக் கணக்கு என்று தெரிந்தால் அந்தத் துண்டின் வருடக் கணக்கு முழுவதும் குப்பைக்கு, எண்ணியவரும் வெளியே. மறு ஞாயிறு டாக்டரம்மா பம்ப் ரூம் வாசலில் நின்றார். பக்கத்தில் மச்சினன், சாட்சி சொல்வதற்கென்றே இஸ்திரி போட்ட சட்டையில்.

"பாக்ஸ்ல என்ன மாஸ்டர்?"

"சாப்பாடு இல்லீங்க."

"அது தெரியுது. திறங்க."

திறந்தார். எலுமிச்சை இலைகள். அவற்றின் மேல் பறவை எச்சம் மாதிரி சில, பச்சையாகக் கொழுத்தவை சில. மச்சினன் ஒன்றை விரலால் குத்தினான். புழு தலையிலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டியது. கிளம்பிய வாடையில் அவன் சுவர் முட்டும்வரை பின்னால் போனான். கார் பழகிய நாளில்கூட அவனுக்கு ரிவர்ஸ் அவ்வளவு சுத்தமாக விழுந்து மாஸ்டர் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். மாஸ்டரின் மனைவி பால்கனித் தொட்டியில் எலுமிச்சை வளர்க்கிறார். அதில் வரும் எலுமிச்சை அழகிப் பட்டாம்பூச்சியின் புழுக்களைச் சோப்புத் தண்ணீரில் போட்டு ஒழிக்கச் சொல்லி உத்தரவு. ஒழித்தாயிற்று என்று சொல்லிவிட்டு, இவர் அவற்றை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, சரணாலய வேலிக்கு வெளியே நாதியற்றுக் கிடக்கும் எலுமிச்சைப் புதரில் குடிவைத்திருக்கிறார்.

டாக்டரம்மா விடவில்லை. "வெளிய விட்டாலும் சிறகு வந்ததும் உள்ள பறந்து வருமே. அதையெல்லாம் எண்ணினீங்களா?"

"எப்படிங்க எண்ணுவேன்? எலுமிச்சை அழகின்னா ஒண்ணைக்கூட நான் எண்ணலை. எங்க வீட்டுப் புள்ளையா, காட்டுப் புள்ளையான்னு மூஞ்சியைப் பார்த்தா தெரியுதா? சொந்தக்காரங்களைச் சேர்த்துக்கிட்டா நாலு பேரு என்ன சொல்வாங்க?"

டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். எங்கும் பறக்கும் எலுமிச்சை அழகி இந்தத் துண்டில் மட்டும் ஏன் இல்லை என்று வருடம் முழுக்க மண்டையைக் குடைந்துகொண்டவர் அவர். மருந்து அடிக்கிறீர்களா என்று பம்ப் ஆபரேட்டரிடம் சண்டைக்கே போயிருந்தார். அந்த மனிதர் அன்றிலிருந்து பல்வலிக்கு வேறு டாக்டரிடம் போகிறார்.

"கூட்டி எழுதினா தப்புன்னு தெரியுதுல்ல? பார்த்ததை எழுதாம விட்டா அது மட்டும் என்னவாம்?"

"நாணயம்னு நினைச்சேங்க."

"பெட்டிக்குள்ள வந்தா எண்ணணும் மாஸ்டர். அப்பா அம்மா யாருன்னு விசாரிக்கக் கூடாது."

தீர்ப்பு அங்கேயே ஆனது. அந்தத் துண்டில் எலுமிச்சை அழகிக்கு மட்டும் இந்த வருடம் 'தெரியாது' என்று போடுவது. இனி புழுக்கள் இந்தப் பக்கம் வரக்கூடாது. துண்டு மாஸ்டரிடமே இருக்கும். அவர் தலையாட்டிய வேகத்தில் தொப்பி கழன்று விழுந்தது.

வீட்டுக்கு அவருக்கு முன்பே செய்தி போயிருந்தது. மச்சினன் கையில் போன் எதற்கு இருக்கிறது? மனைவி சண்டை போடவில்லை. சோப்பு கரையாமல் புழு மட்டும் கரைந்துபோன மாயத்தை அன்றைக்கே கவனித்ததாகச் சொன்னார். சுவர்ப் பக்கத்துக் கிளைகள் புழுக்களுக்கு, வெயில் பக்கம் தனக்கு என்று தொட்டியைப் பாகம் பிரித்தார். மாஸ்டர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

தீர்ப்பில் மச்சினனுக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கெங்கே சொன்னானோ அங்கெல்லாம் போய், சொன்னது தப்பு என்று அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். கடையில் சொல்லிவிட்டான். வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டான். சலூன் மட்டும் பாக்கி. அங்கே டிபன் பாக்ஸ் இப்போது சூட்கேஸாக வளர்ந்திருக்கிறது என்று தகவல். மாஸ்டரும் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நெற்றி எங்கே முடிகிறது என்று தேடிப் பார்க்க வேண்டிய தன் தலையைத் தடவிக்கொண்டு மச்சினன் சொல்கிறான்: "வேலை இல்லாம சும்மா போய் எப்படி மாமா உக்கார்றது? முடி வளரட்டும், போறேன்."