துருப்பிடித்த எஞ்சினுக்கு மார்க் போட்டேன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். எம்.ரெட்டியபட்டியில் எங்கள் பருத்தி பூவெடுக்கும் சமயம் பார்த்து மழை நின்றுபோனது. கிணற்றில் தண்ணீர் கிடந்தது. மேலே ஏற்றத்தான் வழியில்லை. கரண்ட் கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்தோம். கொட்டகையில் அப்பா காலத்து ஆயில் எஞ்சின் துருவேறிக் கிடந்தது.

நான் அறிவியல் வாத்தியார். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன். "மெக்கானிக்கக் கூப்பிடுங்க" என்ற மனைவியிடம், "துருவைப் பத்தி எனக்கா சொல்ற?" என்று கேட்டுவிட்டு, சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து எஞ்சினைக் கழற்றினேன்.

பாகங்களை வாசலில் இரண்டு குவியலாகப் பிரித்தேன். தேறும், தேறாது. செக்கச்செவேல் என்று துருப்பிடித்த எஞ்சின் ஹெட்டுக்கு யோசிக்காமல் ஃபெயில் போட்டேன். கிராங்க் ஷாஃப்ட் லேசாகத்தான் கறுத்திருந்தது. அதை உப்புத்தாள் வைத்து அரைநாள் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல மின்னியது.

திங்கட்கிழமை பழைய இரும்பு வாங்கும் அம்மா மொபெட்டில் வந்தார். தேறாத குவியலைக் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் அண்டா வாங்கிக்கொண்டோம். மனைவிக்கே என்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மறுநாள், கழற்றியதைத் திரும்ப மாட்டத் தெரியாமல் நான் கூப்பிட்ட மெக்கானிக் பாய் அருப்புக்கோட்டையிலிருந்து வந்தார். சவூதியில் பத்து வருஷம் எஞ்சின் வேலை பார்த்தவர். குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஹெட் எங்க சார்?"

"தேறாதுன்னு போட்டுட்டேன் பாய்."

"இந்த மாடலுக்கு ஹெட் இப்ப எங்கயும் கெடைக்காது சார்." ஷாஃப்டைக் கையில் எடுத்தார். "இதை இப்படித் தேச்சது யாரு?"

"நான்தான்" என்றேன் பெருமையாக.

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கையால தேச்சா அளவு போயிரும் சார். சும்மா விட்டிருந்தா நல்ல சாமான். இனி லேத்துல குடுத்துத்தான் சரி பண்ணணும். மொதல்ல ஹெட்டைத் தேடுங்க."

உள்ளே மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

அண்டாவைக் கையில் பிடித்தபடி பஸ் ஏறிப் பாளையம்பட்டி போனேன். இறங்குவதற்குள் மூன்று பேர் விலை கேட்டுவிட்டார்கள். அந்த இரும்புக்கார அம்மாவின் கடையில் மலைபோல் சாமான். லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. லாரிக்குள் எட்டி எட்டிப் பார்த்தேன்.

அந்தம்மா என்னைப் பார்த்ததும் ஒரு மூலையிலிருந்து சாக்கை விலக்கினார். என் ஹெட், தனியாக.

"ஏம்மா இதை மட்டும் எடுத்து வச்சீங்க?"

"தட்டிப் பாத்தேன் சார், கணீர்னு கேட்டுச்சு. விரிசல் விட்டிருந்தா சொத்துன்னுதான் கேக்கும். மேலதான் துரு. வாத்தியாரு தெரியாமப் போட்டுட்டாக, தேடி வருவாகன்னு நெனச்சேன். வரலேன்னா அடுத்த நடைக்கு நானே கொண்டாந்திருப்பேன்."

நான் அண்டாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"அது இருக்கட்டும் சார். இனிமே இரும்பு இருந்தா சொல்லிவிடுங்க. ஆனா நீங்க பிரிச்சு வைக்காதீக. நானே பாத்து எடுத்துக்கிறேன்."

ஷாஃப்டை லேத்தில் சரிசெய்து, பாய் எஞ்சினை மாட்டி முடிக்க ஐந்து நாளானது. ஓடத் தொடங்கியபோது முதல் புகை முழுவதும் என் வெள்ளைச் சட்டையில்தான். பருத்தியில் பாதி கருகிவிட்டது. மீதி பாதி பிழைத்தது.

வேண்டாம் என்று நான் தூக்கிக் கொடுத்த ஒன்றை, நான் தேடி வருவேன் என்று நம்பி அதிகம் பழக்கமில்லாத ஒருவர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வருகின்றன.