வைக்கோல் என்று சொன்னது யார்

என் தம்பி கண்ணாடிச் சாமான் கிடங்கில் பெட்டி கட்டுகிறவன். பதினெட்டு வருஷமாக அதே மேஜை, அதே வேலை. ஒவ்வொரு டம்ளரையும் பழைய செய்தித்தாளில் சுற்றுவான், பெட்டியில் அடுக்குவான், இண்டு இடுக்கெல்லாம் வைக்கோலைத் திணிப்பான். மூடியதும் பெட்டியில் காதை வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவான். உள்ளே 'கிணிங்' என்று கேட்டால் போச்சு, பிரித்து முதலிலிருந்து ஆரம்பிப்பான். "பெட்டியும் பேசாது, ஆளும் பேசமாட்டான்" என்று கிடங்கில் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அவன் மனைவி பிரிந்து போனதற்குப் பாதிக் காரணம் அந்தத் திறக்காத வாய்தான். மீதிப் பாதியை நான் சொல்ல மாட்டேன், அந்தப் பெண்ணும் கெட்டவள் இல்லை.

ஒன்பது வயது மகளும் அம்மாவோடு போய்விட்டாள். புது வீட்டின் சொந்தக்காரர் பிராணி எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டதால், பிள்ளையின் கினிப் பன்றிகள் இரண்டும் தம்பி வீட்டிலேயே தங்கின. பன்றி என்று பெயர்தானே தவிர, இரண்டு கைக்குள் அடங்குகிற, வாலில்லாத ஜீவன்கள். எலிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று பஞ்சு, இன்னொன்று பட்டன்.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பிள்ளை வருவாள். செருப்பைக் கழற்றியதும் நேரே கூண்டுதான். தம்பி சமையலறை வாசலில் நின்று பார்ப்பான்.

"பட்டன் கேரட் சாப்பிட்டுச்சாப்பா?"

"சாப்பிட்டுச்சும்மா."

இதற்காகத்தான் பதினான்கு நாள் காத்திருப்பான். அப்பா மேல் அவளுக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. வாயைத் திறக்காத மனிதரிடம் ஒரு குழந்தை எதைப் பேசும்? கூண்டு இருந்தது, அதனால் பேச்சு இருந்தது. "அதுங்க இல்லைன்னா அவளும் வர மாட்டாக்கா" என்று ஒருமுறை சொன்னான். இன்றைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில் சொன்னான்.

அந்த மாதங்களில் அவனுக்கு எதுவுமே உறைக்கவில்லை. கிடங்கில் உடைந்த டம்ளர் ஒன்று கட்டைவிரலைக் கிழித்திருக்கிறது. செய்தித்தாளெல்லாம் சிவப்பானதைப் பார்த்து மேற்பார்வையாளர்தான் கத்தியிருக்கிறார். "வலிக்கலையாடா?" என்று கேட்டேன். "தெரியலக்கா" என்றான். மூன்று வேளையும் ரொட்டி, அவித்த முட்டை. அதற்கு மேல் அடுப்புப் பற்ற வைக்கவில்லை.

ஆனால் கூண்டை மட்டும் விடவில்லை. முதல் நாளே பிள்ளை போனில் பாடம் நடத்தியிருந்தாள். நானும் பக்கத்தில் இருந்து கேட்டேன். "அப்பா, வைக்கோல் எப்பவும் இருக்கணும். காலியாகவே கூடாது. அதான் மெயின் சாப்பாடு. காய்கறி எல்லாம் அப்புறம்தான்." வைக்கோல் என்றால் அவனுக்கென்ன பஞ்சம்! கிடங்கில் கூரை தொட அடுக்கியிருக்கிறது. முன்பு கடையிலிருந்து பொட்டலமாக வாங்கிப் போட்டது அவன் மனைவி. அதற்குள் என்ன இருந்தது என்று இவன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. கண்ணாடித் துகள் இருந்துவிடுமோ என்று பயந்து, பிரிக்காத கட்டிலிருந்து மட்டும் உருவி, உதறி, பையில் போட்டுக்கொண்டு வருவான். கூண்டு நிறைய வைக்கோலைப் பார்த்து, "எவ்வளவு வெச்சிருக்கீங்க! சூப்பர்பா" என்று பிள்ளையே பாராட்டினாள். கேரட் தினமும் போட்டான்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் வீட்டுக் கதவைத் தட்டினான். நான் இருப்பது அவன் வீட்டுக்கு மேல்மாடி. அவனாக வந்து தட்டியது அபூர்வம். கையில் செருப்பு டப்பா. உள்ளே பட்டன் முடியைச் சிலிர்த்துக்கொண்டு கூனி உட்கார்ந்திருந்தது. தாடையெல்லாம் எச்சில்.

"நேத்துலேருந்து சாப்பிடலக்கா."

தையலை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன். கால்நடை மருத்துவர் ஒரு பெண், என் வயதிருக்கும். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கடைவாய்ப் பல் வளர்ந்து நாக்கைக் குத்துகிறது, உடம்பில் வைட்டமின் சி இல்லை, மூட்டெல்லாம் இறுகிக் கிடக்கிறது என்றார். "என்ன போடறீங்க?" என்று கேட்டார். தம்பி பையிலிருந்து ஒரு பிடி எடுத்து நீட்டினான்.

"இது வைக்கோலாச்சே!"

"ஆமா டாக்டர். எப்பவும் காலியாகாமப் பாத்துக்கறேன்."

"ஐயோ, இதுல என்னங்க இருக்கு? கதிர் அடிச்ச பிறகு மிஞ்சற வெறும் தண்டு. படுக்கைக்குத்தான் ஆகும். இதுங்களுக்கு வேண்டியது காய்ஞ்ச புல். பச்சையா இருக்கும்போதே அறுத்துக் காய வெச்சது. மோந்து பார்த்தா புல் வாசனை வரணும். அதை மென்னாத்தான் பல்லும் தேயும், குடலும் ஓடும். வைக்கோல்னு உங்களுக்கு யார் சொன்னது?"

நான் வாயைத் திறந்தேன். தம்பி என் காலை மிதித்தான்.

"யாரும் சொல்லல டாக்டர். நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்."

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். பிள்ளை இங்கிலீஷில் 'ஹே' என்று படித்ததைத் தமிழில் வைக்கோல் என்று சொல்லியிருக்கிறாள். நாமெல்லாருமே பச்சையாக இருந்தால் புல், காய்ந்திருந்தால் வைக்கோல் என்றுதானே சொல்கிறோம்? இதில் இவன் எதற்குப் பழியை ஏற்க வேண்டும்?

"ஒன்பது வயசுக்கா அவளுக்கு" என்றான். "பட்டன் சாகக் கிடந்தது தன் வார்த்தையாலன்னு அவளுக்குத் தெரியவே வேண்டாம்."

பல்லை ராவி அனுப்பினார்கள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஐந்து நாள் லீவு போட்டான். ஊசி கழற்றிய சிரிஞ்சில் கரைத்த தீனியை எடுத்து, மூன்று மணிக்கொரு தரம் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டான். கூண்டின் ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்த புல். காலையில் விதை நீக்கிய குடைமிளகாய் இரண்டு கீற்று, கொத்தமல்லி, கீரை. கேரட் வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் ஒரு துண்டுதான். வெங்காயமும் உருளைக்கிழங்கும் அதுங்களுக்கு ஆகாது, வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டான். "நீ சாப்பிட்டியாடா?" என்று கேட்டால் மட்டும் அடுத்த வேளைத் தீனியைக் கரைக்கப் போய்விடுவான்.

நான்காம் நாள், "அக்கா, தானாக் கடிக்குது" என்றான். போய்ப் பார்த்தேன். பட்டன் ஒரு புல்லை நுனியிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தம்பி சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தான்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். போன் போட்டு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். எல்லாவற்றையும் என்றால், யார் வைக்கோல் என்று சொன்னது என்பதைத் தவிர. மறுநாள் அவள் கூப்பிட்டாள். வீட்டுச் சொந்தக்காரரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கிவிட்டாளாம். "தப்பா எடுத்துக்காதீங்க. அங்க இருந்தா இன்னொரு தடவை ஏதாவது ஆயிடும். இவ அழுதுக்கிட்டே இருக்கா. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறோம்."

அவள் மேல் குற்றமில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் தம்பியைத்தான் உலுக்கினேன். "இப்பவாவது வாயைத் திறடா" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வந்தாள். கூண்டுக்குப் போகாமல் நேரே அப்பா முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"வைக்கோலுக்கும் புல்லுக்கும் வித்தியாசம்கூடத் தெரியாதாப்பா உங்களுக்கு?"

"தெரியாமப் போச்சும்மா."

போனில் தான் சொன்ன வார்த்தை அவளுக்கே நினைவில்லை. எந்த நாளில் எந்தக் காய், எவ்வளவு என்று எழுதிய தாளை அவளிடம் கொடுத்தான். வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். கூண்டை அவனே கீழே கொண்டுபோய் வண்டியில் ஏற்றினான்.

அவளுடைய அடுத்த ஞாயிறு வந்தது. காலை ஒன்பதுக்கே சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தான். பத்தரைக்குப் போன் வந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். இன்றைக்குக் கூண்டு கழுவ வேண்டும், அடுத்த தடவை வருகிறேன் என்றாள். "சரிம்மா" என்றான். வேறென்ன சொல்வான்.

எனக்குப் பொறுக்கவில்லை. அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "போனைக் கொடு. யார் சொன்னதுன்னு நான் சொல்லிடறேன். ஒரு வார்த்தை போதும், ஓடி வருவா."

போனைத் தரவில்லை. கூண்டு இருந்த சுவர் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வேண்டாம்க்கா. பட்டன் நல்லாச் சாப்பிடுதாம்."